காக்கி ஓடக்கூடாது

எனக்குப் போலீஸ் வேலை வாங்கிக் கொடுத்தது என் கால்கள்தான். பெரிய படிப்பும் இல்லை, சிபாரிசும் இல்லை. நூறு மீட்டரில் மாநிலத்துக்காக ஓடினேன். தொடர் ஓட்டத்தில் ஒரு முறை வெளிநாடு போய் நாட்டுக்காகவும் ஓடிவிட்டு வந்தேன். வந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கான்ஸ்டபிள் வேலை கிடைத்தது. வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாகப் பிரித்த புதிது. புது மாவட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. என் சொந்த ஊரும் செங்கம் பக்கம் என்பதால் இங்கேயே போட்டார்கள்.

போட்டார்கள் என்றாலும், ஆரம்ப வருடங்களில் நான் ஸ்டேஷன் பக்கமே வந்ததில்லை. சம்பளம் இங்கே, நான் சென்னையில் மைதானத்தில். காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி, நடுவில் முட்டையும் தூக்கமும். காக்கிச் சட்டையை அணிவகுப்புக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பேன். அதில் பாச்சை உருண்டை வாசம் போனதே இல்லை. பிறகு தொடையின் பின்பக்கத் தசை கிழிந்தது. ஆறியது, மறுபடி கிழிந்தது. நடுவில் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. 'போதும்மா, இனிமே ஜெனரல் டியூட்டி பாரு' என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை, ஒரு தொழிலில் கிழவியாகிவிட்டேன். மறுநாளே இன்னொரு தொழிலில் கைக்குழந்தை.

ஸ்டேஷனில் என்னை 'மெடலு' என்று கூப்பிட்டார்கள். "மெடலு வந்துட்டாங்க, எல்லாம் வழி வுடுங்க" என்பார் யாருக்கு எங்கே டியூட்டி என்று எழுதிப் போடும் ரைட்டர். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதற்குள் எத்தனையோ திருவிழா, எத்தனையோ பிணம், எத்தனையோ குடும்பச் சண்டை பார்த்திருந்தார்கள். எனக்கு ஒரு மனு வாங்கத் தெரியாது. கன்னம் வீங்கி வந்து நிற்கும் பெண்ணிடம் முதலில் என்ன கேட்பது என்று தெரியாது. விளையாடிச் சம்பளம் வாங்கியவள் என்று அவர்கள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் எரிச்சலாக இருந்தது. நான் விளையாடியதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்த எரிச்சல் பெரிய விஷயமில்லை. பயம்தான் பெரிய விஷயம். அது பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தது.

சென்னையில் என் பயிற்சியாளர் இரண்டு மரக்கட்டைகளை வைத்திருப்பார். பின்னால் நின்றுகொண்டு அவற்றை 'டப்'பென்று அடிப்பார். சத்தம் கேட்ட அந்த க்ஷணம் கால் கிளம்ப வேண்டும். 'சத்தம் கேட்டு நீ யோசிச்சா தோத்துட்டே. காதுக்கும் காலுக்கும் நடுவுல மூளைக்கு வேலை கெடையாது' என்பார். இப்படியே வருடக்கணக்கில். மூளையை நடுவிலிருந்து எடுத்துவிட்டார், நல்ல மனிதர். ஓட்டத்தை நிறுத்தும்போது அதைத் திரும்ப வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டியூட்டிக்கு வந்து சில மாதம் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் பகல் நேரம், முகூர்த்த நாள், நல்ல கூட்டம். எனக்குப் பின்னால் ஒரு பஸ்ஸின் டயர் வெடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் ஓடிக்கொண்டிருந்தேன். தலையைத் தாழ்த்தி, லத்தியை ரிலே குச்சிபோல் பிடித்துக்கொண்டு ஓடினேன். கொஞ்ச தூரம்தான். நின்று திரும்பினால், எனக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டே ஓடி வருகிறது. மூட்டையோடு ஆண்கள், குழந்தைகளோடு பெண்கள். ஏன் ஓடுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. போலீஸ் ஓடியது, ஓடினார்கள். பூக்கார அம்மா ஒருத்தர் விழுந்தார், அவர் கூடைமேல் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அந்த அம்மா எழுந்து என்னைத்தான் கேட்டார். "இன்னாம்மா ஆச்சு? குண்டா?"

ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் எஸ்.ஐ. ஒரு அம்மா, முன்கோபி. அன்று கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இந்த ஊர்ல யார் வேணா ஓடலாம். திருடன் ஓடலாம், நாய் ஓடலாம். காக்கி மட்டும் ஓடக்கூடாது. இன்னிக்கு நூறு பேரு, பொழைச்சோம். பௌர்ணமிக்கு வர்ற கூட்டத்துல ஓடியிருந்தா? தீபத்துல?"

அவரே தொடர்ந்து, "தீபத்தன்னிக்கு வேட்டு போடுவாங்க. தெரியுமில்ல?" என்றார்.

தெரியும். செங்கத்துப் பக்கத்துப் பெண்ணுக்கு இது தெரியாதா? கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் கோயிலில் அதிர்வேட்டு போட்டதும் மலை உச்சியில் தீபம் ஏற்றுவார்கள். சின்ன வயதில் அந்த வேட்டுக்காகக் காத்திருப்பேன். இப்போது அதை நினைத்தாலே கண்முன் வருவது வேறு. மாட வீதியில் மண் போட்டால் மண் விழாத கூட்டம், அதன் நடுவில் நான், திடீரென்று வேட்டு, என் கால் கிளம்புகிறது. எனக்குப் பின்னால் விழுபவர்கள் முட்டிச் சிராய்ப்போடு எழுந்து வரப்போவதில்லை. சோறு பிசையும்போது இந்தக் காட்சி வரும். குழந்தைக்குத் தலை வாரும்போது வரும்.

ரைட்டரிடம் போய், அன்றைக்கு மட்டும் கன்ட்ரோல் ரூமில் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "வெளி மாவட்டத்துலேருந்தெல்லாம் ஆள் வருது. உள்ளூர் ஆள உள்ள ஒக்கார வெச்சா என்னைக் கேப்பாங்க" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, "கூட்டத்துக்குப் பயமா மெடலு? ஸ்டேடியத்துல இத விட ஜாஸ்தி பாத்திருப்பியே" என்றார். ஸ்டேடியத்தில் கூட்டம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். நான் அழுது முடித்ததும், "ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்றார். அப்போது வேங்கிக்காலில் குடியிருந்தோம். கலெக்டர் ஆபீஸ் வந்ததால் மனை போட்டு வைத்திருந்தார்கள், வீடு கம்மி, முள்ளும் கல்நட்ட மனையுமாகக் கிடக்கும். தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வெடிகளை எடுத்துக்கொண்டு சாயங்காலம் அங்கே போவோம். நான் முதுகைக் காட்டி நிற்பேன். எப்போது என்று சொல்லாமல் அவர் பின்னால் வெடி வைப்பார். வெடிக்கும், நான் ஓடுவேன். சிரிப்பார், நான் முறைப்பேன், மறுபடி வந்து நிற்பேன்.

"ஆசிரமத்தாண்ட வெள்ளைக்காரங்க காலையில ஓடுறாங்க. அவங்க ஓடுனா ஆரோக்கியம். நீ ஓடுனா கலவரம்" என்பார். அக்கம்பக்கத்தில், தீபாவளி முடிஞ்சிருச்சே இன்னும் என்ன என்று கேட்டார்கள். குழந்தைக்கு ஆசை என்று சொல்லி வைத்தோம். குழந்தை கல்மேல் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அப்போது ஐந்து வயது.

வெடி தீர்ந்துகொண்டே வந்தது. கால் கேட்கவில்லை. கயிற்றால் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன், அவ்வளவு பயம். கடைசியில் வழி கிடைத்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் இரண்டு வெடிகளின் திரி பின்னிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. முதல் வெடிக்கு என் கால் கிளம்பியது. இரண்டாவது வெடிக்கு நின்றுவிட்டது, அடுத்த அடி வைக்காமல். ஓட்டப் பந்தயத்தில் யாராவது முந்திக் கிளம்பிவிட்டால் துப்பாக்கி இரண்டாவது முறை வெடிக்கும். தப்பாகக் கிளம்பிவிட்டீர்கள், திரும்பி வாருங்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கும் என் கால் பழகியிருந்தது, எனக்குத்தான் ஞாபகமில்லை.

அதிர்வேட்டு ஒன்றோடு நிற்காது, அடுத்தடுத்து வரும். முதல் வேட்டுக்கு ஒரு அடியில் என்னைப் பிடித்துக்கொண்டால் போதும், இரண்டாவது வேட்டு காப்பாற்றிவிடும். மிச்சமிருந்த வெடிகளையெல்லாம் இரண்டிரண்டாகக் கட்டிப் பழகினோம். ஒரு அடி வைப்பேன், நிற்பேன். சரியாகிவிட்டது என்று அவர் சொன்னார். நான் நம்பவில்லை.

தீபத்தன்று என்னைத் தேரடிப் பக்கம் ஒரு தெரு முனையில் நிறுத்தினார்கள். தெருவின் நீளத்துக்கு இரண்டு வரிசை சவுக்குக் கட்டை கட்டி, நடுவில் ஒரு வழியைக் காலியாக விட்டிருந்தார்கள். யாராவது மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு போவதற்கான வழி அது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜனம். நடுவில் நேர்கோடாக, ஒரு ஆள் ஓடும் அகலத்துக்கு, ஒன்றுமில்லாத தரை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோட்டைக் கண்டால் நான் செய்தது ஒன்றுதான்.

பந்தயத்துக்கு முன்னாலும் பயப்பட்டிருக்கிறேன். அந்தப் பயம் சத்தத்தோடு முடிந்துவிடும். இது சத்தத்தில்தான் ஆரம்பிக்கும். கட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜனத்துக்கு முகம், மலைக்கு முதுகு. தீபத்தில் காவலுக்கு நிற்பவர்கள் தீபம் பார்க்க முடியாது, பார்ப்பவர்களைத்தான் பார்க்க வேண்டும். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. எல்லாரும் உச்சியைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் பேசாமல் நிற்பதைக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு என் மூச்சு கேட்டது.

வேட்டு வெடித்தது. ஒரு அடி. கட்டையைப் பிடித்த கை தோளோடு இழுத்தது. இரண்டாவது வேட்டு, நின்றுவிட்டேன். மூன்றாவது, நாலாவது, என் கால் தரையில் இருந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று தெரு முழுக்க ஒரே குரல், எல்லாக் கைகளும் தலைக்குமேல் குவிந்தன. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

எல்லா முகமும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தெருவின் அந்தக் கோடியில் ஒரு முகம் மட்டும் பார்க்கவில்லை. காலி வழிக்குள், கட்டைக்குக் கீழே, மஞ்சள் பாவாடையில் ஒரு குழந்தை நின்று அழுதுகொண்டிருந்தது. என் குழந்தை.

வீட்டு மாடியிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம் என்று காலையில் சொன்ன வீட்டுக்காரர், அம்மா வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று அவள் அடம் பிடித்ததும் கூட்டி வந்துவிட்டார். அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். தீபம் தெரிந்ததும் ஊரே இரண்டு கையையும் தூக்கியது. அவரும் தூக்கிவிட்டார். பிறந்ததிலிருந்து தீபத்துக்குத் தூக்கிய கை, அவரைக் கேட்டா தூக்கும்? இறக்கும்போது பக்கத்தில் குழந்தை இல்லை. இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தீபம் பார்த்தாயிற்று, இனி இத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், கிரிவலத்துக்குக் கிளம்புவார்கள். அந்தக் கோடியில் கட்டை ஏற்கனவே உள்பக்கமாக வளைந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த கான்ஸ்டபிள் முதுகைக் கொடுத்து அதைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் குழந்தை நிற்பது அவருக்குத் தெரியாது.

எனக்கும் அவளுக்கும் நடுவில் நேராக, காலியாக, ஒரு வழி. ஒரு காலத்தில் ஜனம் எழுந்து நிற்பதற்குள் நான் முடித்துவிடுகிற தூரம்.

நான் நடந்தேன்.

இதற்கு நான் பழகியிருக்கவில்லை. வெடிக்குப் பழகினேன், இதற்கு யார் பழகுவார்கள்? இரண்டு பக்கமும் ஆயிரம் கண்கள் மலையிலிருந்து இறங்கி அப்போதுதான் தெருவைப் பார்க்கின்றன. காக்கி ஓடினால் என்னமோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஜனமும் ஓடும், அந்த அலை முதலில் போய் மோதுவது அந்த வளைந்த கட்டையில்தான். ஓடினால் நானே அவளைக் கொன்றுவிடுவேன். நடந்தால் போய்ச் சேர்வேனா தெரியாது. தொடைத் தசை கல்லாக இறுகியது. ஒவ்வொரு அடியையும் பிடித்து இழுத்து, சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகிறவள்போல வைத்தேன். முகத்தில் பதற்றம் தெரியக்கூடாது என்று சிரிப்பை ஒட்டி வைத்துக்கொண்டேன். "மெதுவாப் போலாம், மெதுவா. தீபம் எங்கயும் போயிடாது" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே போனேன். குரல் நடுங்காமல் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு பெரியவர் கட்டைமேல் சாய்ந்து, "இன்னா மேடம், எதுனா பிரச்சனையா?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. கொழந்தை தண்ணி கேக்குது."

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "அம்மா" என்று கத்தினாள். நான் பதிலுக்குக் கத்தவில்லை, கையைக்கூட ஆட்டவில்லை. அவள் கத்திக்கொண்டே இருந்தாள், நான் நடந்துகொண்டே இருந்தேன். கட்டை கிறீச்சென்றது. அந்த வயது வரையில் நான் தோற்ற பந்தயமெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு நீளம் இருக்காது.

குனிந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டபோது அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. கையை மடக்கி எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். நாங்கள் நாலு அடி தள்ளி வந்திருப்போம், கயிறு அறுந்து அந்தக் கட்டை சாய்ந்தது. முன்னால் நின்றவர்களே பிடித்துத் தாங்கிக்கொண்டார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் விழவில்லை. கூட்டம் மெல்ல நகர்ந்து கிரிவலப் பாதைக்குப் போயிற்று. ஒரு கடை ஓரத்தில் வீட்டுக்காரரைக் கண்டுபிடித்தேன். தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டையும் தூக்கிட்டேன்" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் எஸ்.ஐ. அம்மா, "நேத்து பாத்தேன். நல்லா நடந்த" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே ஜாஸ்தி. ரைட்டர் அதற்குப் பிறகு என்னை மெடலு என்று கூப்பிடவில்லை. போலீஸ்காரி ஆகிவிட்டேன் என்று சந்தோஷப்பட வேண்டியது. வீட்டில் குழந்தை என்னோடு சரியாகப் பேசவில்லை. என்ன கேட்டாலும் அப்பாவிடம் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் விளையாட்டாக, "உங்கம்மா எவ்ளோ வேகமா ஓடுவாங்க தெரியுமா? நாட்டுக்கே ஓடுனவங்க" என்றதற்கு, "எங்கம்மா ஓட மாட்டாங்க. நடப்பாங்க" என்றாள். கோபமில்லாமல், தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் காலி மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். அந்தக் கோடியில் நிற்க வைத்துவிட்டு, இந்தக் கோடிக்கு வந்தேன். முட்டி போட்டு, விரலை மண்ணில் ஊன்றினேன். ஓடினேன். வருடக்கணக்கில் தொடாத வேகம், தொடை கிழிந்தால் கிழியட்டும் என்று ஓடினேன். காற்று காதில் அடித்தது. அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் வாயைப் பிளந்தாள், பிறகு சிரித்தாள், கைதட்டினாள். நான் அவளைத் தாண்டிப் போய் நின்று, நொண்டிக்கொண்டே திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாடா என்றிருந்தது.

"இவ்ளோ வேகமா வருவியாம்மா?" என்றாள்.

"வருவேன்" என்றேன், பெருமையாக.

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. என்னைப் பார்த்தாள், நான் ஓடி வந்த தூரத்தைப் பார்த்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேரடியில்கூட அப்படி ஒரு பயம் எனக்கு வரவில்லை.

"அப்ப அன்னிக்கு ஏன் நடந்து வந்த?"

ஜனம் ஓடும், கட்டை விழும், காக்கி ஓடக்கூடாது என்று ஐந்து வயதுக்குப் புரியும்படி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்து மண்ணைக் கிளறினாள்.

"நான் அழுதத நீ பாத்த இல்ல?" என்றாள்.

"பாத்தேன்" என்றேன்.